சாக்பீஸ் அம்பு

வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. பூவராகன் இரண்டு நாளாகச் சம்மட்டியைத் தொடவில்லை. சிற்றுளியால் ஒரே கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். கூலிக்கில்லை, காலேஜ் வாத்தியார் வேதசிரோமணி சாருக்காக.

தாம்பரத்திலிருந்து சைக்கிள் மிதித்து அவர் பம்மல் குவாரிக்கு வந்துவிடுவார். கறுப்பும் வெளுப்புமாக வரி ஓடிய ஒரு மூலையை மாட்டைத் தடவுவது போலத் தடவுவார். பார்த்தால் ஆற்று மணல் படிந்தது மாதிரிதான். ஆனால் அது தண்ணீர் காணாத கல்லாம். பூமிக்குள் குழம்பாகக் கொதித்து ஆறியதாம். கனத்த கறுப்பு மணியெல்லாம் அடியில் தங்கிவிட்டதாம்.

"கூழ்ப்பானையில நொய் தங்குற மாதிரி," என்றாள் பக்கத்தில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த அவன் பெண்சாதி அங்காளம்மா. "ஏன் சார், அத்த யாரும் கிண்டலையா?"

சார் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. "கிண்டலைம்மா. அதைத்தான் காலேஜ்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க."

வெள்ளிக்கிழமை அந்த மூலைக்கு வெடி. முதல் நாளே சார் ஒரு துண்டின்மேல் சாக்பீஸால் அம்பு போட்டு, பெயர்த்து வைக்கச் சொல்லிப் போனார். குவாரியில் சாக்பீஸ் கோடு போட்டால் அந்த இடத்தைச் செதுக்கு என்று அர்த்தம். பூவராகன் பெயர்த்தான், செதுக்கினான், அம்மிபோல வழவழப்பாக்கினான்.

திங்கட்கிழமை சார் வந்தார். கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அம்பு எங்க பூவராகா?"

"செதுக்கிட்டேன் சார். கோடு போட்டுகினு போனீங்களே."

"அது மேல் பக்கம் எதுன்னு காட்டறதுக்குப்பா."

பூவராகன் திரும்பிப் பார்த்தான். மூலை இருந்த இடத்தில் வெடியில் சிதறிய கல்சக்கைதான் கிடந்தது.

"உங்களுக்கு நெனப்பு இல்லியா சார்?"

"என் நெனப்பு எனக்குச் சாதகமாத்தான் பேசும். அதை நான் எடுத்துக்கக் கூடாது. நீ சொல்லு. கறுப்பு மேலயா, கீழயா?"

கீழே என்றால் போதும். சார் முகம் மலர்ந்துவிடும். அவன் சொல்லை அவர் நம்புவார். நம்புவார் என்பதுதான் பேஜாராக இருந்தது.

"மூணு தபா பொரட்டிட்டேன் சார். தெரியல."

சார் தலையாட்டினார். அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அங்காளம்மா கொடுத்த மோரைக் குடித்தார். கல்லைக் கேரியரில் ஏற்றி, எந்தப் பக்கமும் மேலே வராதபடி வரிகளை நெட்டுக்குத்தாக நிறுத்திக் கட்டினார். சைக்கிள் தாம்பரம் பக்கம் திரும்பும்வரை பூவராகன் பார்த்துக்கொண்டே நின்றான். அவருக்கு அவன் ஒரு திசை கடன்பட்டிருந்தான்.