பத்துப் பேருக்கு ஒரே அப்பா

சகாதேவன் ஜப்பானைப் பார்த்ததில்லை. சென்னை விமான நிலையத்தில் ஒரு தடவை யாரையோ வழியனுப்பிவிட்டு வந்திருக்கிறார். அந்தத் தகுதியில் வேங்கிக்காலில் ஒரு மாடியைப் பிடித்து ஜப்பானிய மொழி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார்.

அவருடைய முறை எளியது. நேர்காணலில் வரும் என்று அவர் நினைத்த பன்னிரண்டு கேள்விகள். பன்னிரண்டுக்கும் ஜப்பானியப் பதில், தமிழ் எழுத்தில், ஒரே தாளில். அர்த்தம் கேட்டால், "அதெல்லாம் அங்க போனா தானா வந்துரும்" என்பார்.

எழிலரசிக்கு அந்த ஆளைக் கண்டாலே குமட்டும். கீழ்பென்னாத்தூர்க்காரி, நர்சிங் முடித்தவள். கைப்பேசியில் தானே படித்து, அந்த மொழியை ஒரு கடிகாரம்போலப் பிரித்துப் போட்டுப் பார்த்திருந்தாள். வினை கடைசியில் வருகிறது, நம்மைப் போலவே. 'அப்பாவுக்கு' என்பதில் 'உக்கு' ஒட்டுவதுபோல் அங்கேயும் பெயருக்குப் பின்னால் ஒரு துண்டு ஒட்டுகிறது. இதைத் தமிழ் பேசுகிறவர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். சகாதேவனுக்கு இரண்டு வருடம் போதவில்லை. ஆனால் ஆள் எடுக்கும் நிறுவனம் அவர் மூலமாகத்தான் பெயர்ப் பட்டியல் வாங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துபோனாள். அந்தத் தாளை மட்டும் கையால் தொடவில்லை.

அன்று நேர்காணல். ஜப்பானில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. பத்துப் பேரில் இருவருக்கு இடம். இது தவறினால் தை மாதம் அவளுக்குக் கல்யாணம் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

முதலில் வல்லரசு போனான். நடுவில் இருந்தது வெறும் பிளைவுட் தடுப்பு. உள்ளே பேசுவது அப்படியே கேட்டது. மடிக்கணினித் திரையில் இருந்த ஜப்பானிய அம்மாள், இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறாய் என்று கேட்டார்.

வல்லரசு ஒப்பித்தான். என் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். நான்தான் அவரைப் புரட்டிப் படுக்கவைத்தேன். இப்போது கோல் ஊன்றி நடக்கிறார்.

எழிலரசி எழுந்து நின்றாள். அது அவளுடைய அப்பா, பரசுராமன். போன மாதம் வீட்டுப்பாடமாக அவள் ஜப்பானிய மொழியில் எழுதிக் கொடுத்த பக்கம், வார்த்தை பிசகாமல். வல்லரசுவின் அப்பா காலையில்தான் அவனை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

அடுத்தது தமிழ்செல்வி. அவளுடைய அப்பாவும் டிராக்டரிலிருந்து விழுந்தார்.

எழிலரசி சகாதேவனை ஓரமாக இழுத்தாள். "சார், அது என் கதை சார்."

"நல்லா இருந்திச்சு. போன வாரம் தாள்ல சேத்து எல்லாருக்கும் குடுத்தேன். நீதான் வாங்கல."

"எல்லாரும் ஒரே அப்பாவைச் சொன்னா நம்புவாங்களா?"

"அவங்க இன்னா கண்டாங்க? இந்தப் பக்கம் டிராக்டர் ஜாஸ்தினு நெனச்சுப்பாங்க."

ஒன்பது அப்பாக்கள் விழுந்து எழுந்தபின் எழிலரசி உள்ளே போனாள். சகாதேவன் பின்னாலேயே வந்து சுவரோரம் கிடந்த பெஞ்சருகில் நின்றார். திரையிலிருந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார். அதே கேள்வியை, பதில் வேண்டாதவர்போலக் கேட்டார்.

சொன்னால் பத்தாவது டிராக்டர். சொல்லாவிட்டால் வேறு உண்மை இல்லை. அவள் ஒரு நொடி யோசித்து, ஜப்பானிய மொழியில் சொன்னாள்: "அந்த ஒன்பது பேர் சொன்னது என் அப்பாவை. அவரை எப்படிப் புரட்டினேன் என்று செய்து காட்டட்டுமா?"

அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சார், பெஞ்சுல படுங்க."

"இன்னாது?"

"படுங்க சார். பாக்கறாங்க."

சகாதேவன் திரையைப் பார்த்து இளித்துவிட்டுப் படுத்தார். எழிலரசி மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

கனமான ஆளைத் தூக்கிப் புரட்டப் போகிறவர்களுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். தூக்கவே கூடாது. எந்தப் பக்கம் புரட்டவேண்டுமோ அந்தப் பக்கம் நின்று, அவர் கைகளை மார்பின்மேல் சேர்த்துவைத்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி நிறுத்தவேண்டும். அந்த முழங்கால்தான் நெம்புகோல். அதை நம் பக்கம் சாய்த்தால் இடுப்பு தானாக வரும். இடுப்பு வந்தால் தோளும் பின்னாலேயே வரும். தொடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படுத்திருப்பவரிடம் சொல்லவேண்டும்; இல்லாவிட்டால் அவர் உடம்பு விறைத்து நம்மோடு மல்லுக்கு நிற்கும்.

எழிலரசி ஜப்பானிய மொழியில் சொல்லிச் சொல்லிச் செய்தாள். இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன். எங்காவது வலிக்கிறதா?

இரண்டு வருடம் ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்தவர் விழித்தார். பிறகு பன்னிரண்டாம் பதிலை உரக்கச் சொன்னார்: "ஹாய், கம்பரிமாஸ்!"

ஆமாம், கடுமையாக உழைப்பேன் என்று அதற்கு அர்த்தம்.

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவரும் சிரிக்கவில்லை, ஒருவருக்கும் புரியவில்லை.

"உங்கள் அப்பாவுக்கு எந்தக் கால் பலவீனம்?" என்று அம்மாள் கேட்டார். எந்தத் தாளிலும் இல்லாத கேள்வி.

"இடது. அதனால் அவரை வலப்பக்கம் திருப்பும்போது நான்தான் முழங்காலைப் பிடித்திருப்பேன்."

அம்மாள் எதையோ எழுதினார். பாஸ்போர்ட் தயாராக இருக்கிறதா என்று கேட்டார். ஒன்பது பேரில் ஒருவரிடமும் அவர் அதைக் கேட்கவில்லை. இருக்கிறது என்றாள் எழிலரசி.

"இன்னா சொல்றாங்க? எழுந்துக்கலாமா?" என்றார் சகாதேவன், கன்னத்தைப் பெஞ்சில் பதித்தபடி.

"இருங்க சார். இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு."