எல்லாம் பச்சை

எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. கண் தெரியாத ஒருத்தி நிரல் எழுதிப் பிழைக்க வேண்டுமென்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். "படி இருக்கு, பார்த்து" என்று அக்கறையாகச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் படியே இல்லாத இடத்தில்தான் சொல்வார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம் அலுவலகத்தில் கருவியை மாற்றினார்கள். எழுதிய நிரலை ஓட்டிச் சோதிக்கும் கருவி. பழையது, தேறியதா தோற்றதா என்று எழுத்தில் காட்டும். திரையைப் படித்துச் சொல்லும் என் மென்பொருள் அதைக் காதில் ஓதிவிடும். புதியது ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வட்டம் போடுகிறது. தேறினால் பச்சை, தோற்றால் சிவப்பு. என் காதில் விழுந்ததெல்லாம் "படம், படம், படம்". பார்க்க ரொம்ப அழகாக இருக்கிறதாம். மேலாளரிடம் முறையிட்டேன். தயாரித்தவர்களுக்கு எழுதியிருப்பதாகவும், அதுவரை பக்கத்து இருக்கைக்காரர் பார்த்துச் சொல்வார் என்றும் சொன்னார்.

பக்கத்து இருக்கைக்காரருக்கு அலுவலகம் வைத்த பெயர் சாது. பதினைந்து வருட அனுபவம். அதிர்ந்து பேச மாட்டார். கூப்பிட்டால் நாற்காலியை உருட்டிக்கொண்டு வருவார். கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு, "எல்லாம் பச்சைதாங்க" என்பார். நம்பி அனுப்பிவைப்பேன். மறுநாள் காலை அது பிழையோடு திரும்பி வரும்.

மூன்று வாரத்தில் நான்கு முறை இப்படி ஆனது. மேலாளர் என்னிடம் பேசும்போது பழைய கலகலப்பு இல்லை. வெள்ளிக்கிழமையோடு என் தகுதிகாண் பருவம் முடிகிறது. நிரந்தரமாக்குவார்கள், அல்லது அனுப்பிவிடுவார்கள்.

கணினிகளைப் பராமரிப்பவர்தான் இரண்டு விஷயங்களைக் காதில் போட்டார். என் இடத்துக்குச் சாது தன் மச்சினனைச் சிபாரிசு செய்திருந்தாராம். எல்லோரிடமும் பிடுங்கிவிட்ட பழைய கருவியை, தன் கணினியில் மட்டும் அழிக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாராம். ஆத்திரத்தையெல்லாம் வீட்டில் அக்காவிடம் கொட்டினேன். உனக்கு யாரைக் கண்டாலும் சந்தேகம்தான், பெண் பார்க்க வந்தவர்களையும் இப்படித்தான் விரட்டினாய் என்றாள். விரட்டப்பட வேண்டியவர்கள்தான் வந்தார்கள், அது வேறு கதை.

புதன்கிழமை பொறி வைத்தேன். பத்துச் சோதனைகள் எழுதினேன். மூன்று கட்டாயம் தோற்கும்படி எழுதினேன். மேலாளரிடம் முன்பே சொல்லி, போன் அடித்ததும் வரச் சொல்லியிருந்தேன். பிறகு சாதுவைக் கூப்பிட்டேன். நாற்காலி உருண்டு வந்தது. மூச்சுச் சத்தம்.

"எல்லாம் பச்சைதாங்க."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க."

போனை அழுத்தினேன். மேலாளர் வந்து குனிந்தார். நடுவில் மூன்று சிவப்பு இருக்கிறதே என்றார். எனக்குள் ஒரு குதூகலம். இத்தனை நாளாக என் காதில் பூச்சுற்றினாயல்லவா, இப்போது மாட்டினாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளர் இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். நான் வாயை அடக்கவில்லை. மச்சினன், ஒளித்து வைத்த கருவி, திரும்பி வந்த நான்கு நிரல்கள், எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். நான் முடிக்கும்வரை சாது கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு அந்த ரெண்டு நிறமும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். "பொறந்ததிலேர்ந்தே. கொஞ்சம் அழுத்தமா இருந்தா சிவப்புன்னு எடுத்துக்குவேன். உங்க திரையில வெளிச்சம் வேற கம்மி."

எனக்கு எதற்கு வெளிச்சம் என்று நான்தான் அதைக் குறைத்து வைத்திருந்தேன். பழைய கருவி அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பதும் அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"முதல் நாளே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?"

"நீங்க சொல்லிட்டுத்தானே வேலை தேடினீங்க. எத்தனை எடத்துல எடுத்தாங்க?"

பதினோரு இடத்தில் கதவைச் சாத்தினார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேலாளர் அவரிடம் கேட்க ஆரம்பித்துவிட்டார். அப்படியென்றால் இத்தனை வருடம் எப்படி வேலை செய்தீர்கள், யார் செய்து கொடுத்தார்கள், இதுவரை அனுப்பியதையெல்லாம் நம்பலாமா. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவர் பக்கம் திருப்பிவிட்டவள் நான். குறை கருவியில்தான், இவரிடம் இல்லை என்று குறுக்கே சொல்லிப் பார்த்தேன். உங்கள் விஷயம் முடிந்துவிட்டது, நீங்கள் போகலாம் என்றார் மேலாளர்.

வெள்ளிக்கிழமை என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் வந்தது. சாதுவிடம், இந்த வேலைக்குத் தகுதியானவர்தான் என்று மருத்துவச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தைப் படித்துச் சொன்ன மென்பொருளை நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்க அவர் பக்கம் திரும்பினேன். அவர்தான் முதலில் பேசினார்.

"திங்கக்கிழமை போகணும். அங்க என்னல்லாம் கேப்பாங்க?"

எனக்கு அது மனப்பாடம். நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.