மெத்தைக்கு அந்தப் பக்கம்

பகல் இரண்டே கால். கோபால் தன் மெத்தைக் கடையின் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, மிச்ச இடைவெளியில் குனிந்து வெளியே போனார். போனவர் தலையை மட்டும் திரும்ப உள்ளே நீட்டினார்.

"ஒரு வாட்டியாவது கடை பேரச் சொல்லுங்கப்பா. மறந்துடப் போறீங்க."

"சொல்றோம்ணா," என்றான் எட்வர்ட்.

ஞாயிற்றுக்கிழமையில் புதுவாயலில் சத்தமில்லாத இடம் அது ஒன்றுதான். வெளியே கொல்கத்தா நெடுஞ்சாலை. உள்ளே சுவர் தெரியாதபடி மெத்தைகள். லாரி ஹாரன் அவற்றில் மோதி அமுங்கிவிடும். ஃபேன் சத்தம் மட்டும் அமுங்காது. சோனியா எழுந்து ஃபேனை நிறுத்தினாள். உடனே வியர்த்தது.

ஸ்டூலின் மேல் லேப்டாப். அதில் படம். ஆளுக்கொரு மைக். சென்னையில் ஓர் ஆப் கம்பெனி அனுப்பிய மைக்குகள். கேட்கிறவர்கள் தங்கள் போனில் படத்தைப் போட்டுக்கொள்வார்கள். ஆப்பில் இவர்கள் இருவரும் பேசுவது ஓடும். பக்கத்தில் உட்கார்ந்து யாரோ கிண்டல் செய்துகொண்டே படம் பார்ப்பதுபோல இருக்க வேண்டும். அதுதான் வேலை.

கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது இது. பெரியபாளையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வரும் பஸ். டிரைவரிடம் ஒரே ஒரு பென் டிரைவ். அதே போலீஸ் படம் போகும்போதும் ஓடும், வரும்போதும் ஓடும். முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துவந்த சோனியா ஒரு நாள் வாயைத் திறந்தாள். பின்சீட்டிலிருந்து எட்வர்ட் பதில் சொன்னான். பஸ் சிரித்தது. மறுநாள் டிரைவர் படத்தின் சத்தத்தைக் குறைத்துவைத்தார், இவர்கள் பேசுவது கேட்கட்டும் என்று. பக்கத்து சீட் செண்பகம் அதைப் போனில் எடுத்து நெட்டில் போட்டாள். ஆப் கம்பெனியிலிருந்து ஜானவி கூப்பிட்டாள்.

சோனியா பேக்கிங்கில் இருந்தாள். எட்வர்ட் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். பேக்கிங் சூப்பர்வைசர் அவளிடம் தினமும் சொல்வது ஒன்றுதான்: பேச்சைக் குறை. பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள் சொன்னார்கள். வீட்டில் அம்மா இன்னும் சொல்கிறாள். எல்லோரும் குறைக்கச் சொன்னதை முதல்முறையாக ஒருவர் கேட்டு வாங்கியிருந்தார். ஆப்பில் என் குரல் வரும், பேர் வரும் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாள்.

"பஸ்ல வாயடிக்கிறதுக்கெல்லாமா பேரு போடுவாங்க?" என்றாள் அம்மா.

"போடுவாங்க. பாரு."

லேப்டாப்பில் படத்தின் சென்சார் சர்டிபிகேட் மறைந்தது. சோனியா, "டிக்கெட் கிழிச்சாச்சு," என்று சொல்லிக் கை தட்டினாள். அதுதான் அடையாளம். அந்தத் தட்டலை வைத்துத்தான் கேட்கிறவர்கள் படத்தையும் பேச்சையும் சேர்த்து ஓட்ட வேண்டும்.

அவள் முதலில் சொல்வாள். அவன் பதில் சொல்வான். என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்குத் தெரியாது. பஸ்ஸிலும் அப்படித்தான்.

ஹீரோ வந்தார். கூடவே புழுதியும் வந்தது.

"இவ்ளோ புழுதி கெளம்புதே. நடந்து வராரா, தெரு பெருக்கிக்கினு வராரா?"

"பெருக்கறதுக்குக் காண்ட்ராக்ட்ல எடுத்துக்கறாங்க. பி.எஃப். கெடையாது."

வில்லனின் குடோன் வந்தது.

"ஐம்பது பேரு நிக்கறானுங்க. ஒவ்வொருத்தனா வந்து அடி வாங்கிக்கினு போறான். டோக்கன் குடுத்தாங்களா?"

"நம்ம கேண்டீன் மாதிரி. மொதல்ல போனவனுக்கு சாம்பார். கடைசில வரவனுக்கு ரசம்."

வெளியே பெரியபாளையம் கோயிலுக்குப் போகும் வேன் ஒன்று பம்பை அடித்துக்கொண்டு கடந்தது. அது மெத்தைகளுக்கு அமுங்கவில்லை. எட்வர்ட் தலையில் கை வைத்தான். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து பேச வேண்டும். திரையில் ஹீரோ சட்டையைக் கிழித்தார்.

"பாரு, சாமி வந்துடுச்சு," என்றாள் சோனியா. "எலுமிச்சம்பழம் எடுத்துக்கினு வா."

எட்வர்ட் சிரித்துச் சிரித்து மைக்கிலிருந்து விலகிப்போனான்.

ஹீரோவின் அம்மா குண்டடிபட்டு மகன் மடியில் படுத்துப் பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள்.

"குண்டு பட்டாலும் டூட்டிய முடிச்சுட்டுத்தான் சாவறாங்க."

"ஓ.டி. போட்டுட்டாங்க."

"படுத்த எடமும் சரியில்ல. புதுவாயல் கோபால் மெத்தக் கடைல ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா இன்னும் ஒரு ரீல் பேசியிருக்கும்."

படம் முடிந்ததும் சோனியா ஃபேனைப் போட்டாள். முதுகோடு ஒட்டியிருந்த துணி விடுபட்டது. இரண்டு மைக்கின் பதிவையும் தனித்தனியாக அனுப்பச் சொல்லியிருந்தாள் ஜானவி. அப்படியே அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை, பஸ்ஸில், செண்பகம்தான் முதலில் பார்த்தாள்.

"ஏய், வந்துடுச்சுடி."

சோனியா இயர்போனை மாட்டினாள். 'எட்வர்ட் கூட படம் பாக்கலாம்' என்று போட்டிருந்தது. எட்வர்டின் ஃபோட்டோ. கீழே தன்னுடையது இருக்கும் என்று விரலால் தள்ளினாள். கீழே கமென்டுகள் இருந்தன. போனில் படத்தைப் போட்டு, கூடவே பேச்சையும் ஓடவிட்டாள்.

ஹீரோ வந்தார். புழுதி வந்தது. பேச்சில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்வர்ட் சொன்னான்: "பெருக்கறதுக்குக் காண்ட்ராக்ட்ல எடுத்துக்கறாங்க. பி.எஃப். கெடையாது." அப்புறம் அவனே சிரித்தான்.

அவள் சத்தத்தை முழுக்க ஏற்றினாள். தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஒரு பெண் குரல். வார்த்தை புரியவில்லை. அவள் குரல்தான். அவன் மைக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

ஹீரோவின் அம்மா சாகும் கட்டத்துக்குத் தள்ளிப் பார்த்தாள். அழுகை. வயலின். எட்வர்ட்: "ஓ.டி. போட்டுட்டாங்க."

கமென்டுகளைப் படித்தாள். 'சம்பந்தமே இல்லாம பேசறாரு, அதான் செம.' 'அம்மா சாவும்போது ஓ.டி.யா, யோவ்.' 'பின்னாடி ஒரு பொம்பள முணுமுணுன்னு பேசுது. எட்வர்ட் அண்ணா ஊட்ல பேய் கீதா?' அதற்குப் பதிலாக இன்னொருவர்: 'ஹெட்போன்ல கேளு ப்ரோ. பேய்தான் நல்லா காமெடி பண்ணுது.'

"நீ எங்கடி?" என்றாள் செண்பகம்.

"கீறன்."

"எங்க?"

சோனியா ஒரு பக்க இயர்போனைக் கழற்றிக் கொடுத்தாள். செண்பகம் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இதுவா நீ? பக்கத்து ஊட்ல சண்ட போடற மாதிரி கீது."

எட்வர்ட் அந்த வாரம் நைட் ஷிப்ட். பஸ்ஸில் இல்லை. போன் செய்தாள். எடுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்குப் பின்னால் நின்று ஜானவியைக் கூப்பிட்டாள்.

"ஹாய் சோனியா! ட்ராக் சூப்பரா போயிட்டிருக்கு, பாத்தீங்களா?"

"என் குரல் இல்லீங்க மேடம்."

"ஆமா. ரெண்டு பேர் பேசினா படத்தோட டயலாக் கேக்கலன்னு ஆபீஸ்ல கேட்டவங்க சொன்னாங்க. அதனால ஒரே குரலா வெச்சுட்டோம்."

"ஒண்ணுதான் வெக்கணும்னா ஏன் என்னுத எடுத்துட்டீங்க?"

"எட்வர்ட் குரல் ஒரு ஃப்ரெண்ட் பேசற மாதிரி இருக்கு. உங்களது கொஞ்சம் ஷார்ப். திட்டற மாதிரி இருக்குன்னு ஃபீட்பேக். தப்பா எடுத்துக்காதீங்க."

"நான் கேட்டதுக்குத்தான் அவன் பதில் சொல்றான் மேடம். கேள்வியே இல்லாம பதில் மட்டும் இன்னாத்துக்கு?"

"அந்த ரேண்டம் ஸ்டைல்தான் ஒர்க் ஆகுது. எட்வர்ட்கிட்ட சொல்லிட்டோமே. அவர் உங்ககிட்ட பேசறேன்னாரு."

"எப்ப?"

"திங்கக்கிழமையே. ஓகேன்னுதான் சொன்னாரு."

சோனியா சுவரில் சாய்ந்தாள். சுவர் சுட்டது. விலகி நின்றாள்.

"பின்னாடி என் குரல் லேசா கேக்குது மேடம்."

"ஆமா, நாங்களும் கவனிச்சோம்," என்றாள் ஜானவி. "அடுத்த படத்துல அத சரி பண்ணிடலாம்."

மதியம் பேக்கிங் லைனில் அவள் யாரிடமும் பேசவில்லை. அட்டைப்பெட்டியை மடக்கினாள், டேப் ஒட்டினாள், தள்ளினாள். சூப்பர்வைசர் இரண்டு முறை வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?"

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போனபோது எட்வர்ட் முன்பே வந்திருந்தான். அவனும் கோபாலும் ஒரு மெத்தையை நிமிர்த்தி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பெரிய மெத்தை. வழக்கமாக இருவரும் உட்காரும் இடத்துக்கு நடுவில் அது நின்றது. ஸ்டூலையும் லேப்டாப்பையும் அதன் முனைக்கு நேராக நகர்த்தியிருந்தார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் திரை தெரியும். ஆள் தெரியாது.

"இன்னாத்துக்கு இது?"

"சவுண்டு கலக்குதாம்," என்றான் எட்வர்ட். மெத்தையைப் பிடித்தபடியே சொன்னான்.

கோபால் மெத்தையை ஓங்கித் தட்டினார். "பத்து இஞ்சு பாப்பா. ஊட்ல யாரும் வாங்கறதில்ல, லாட்ஜுக்குத்தான் போவும். இந்தப் பக்கம் கத்துனா அந்தப் பக்கம் கேக்காது."

"அப்ப இவன் எப்படிண்ணா கேப்பான்?"

எட்வர்ட் பாக்கெட்டிலிருந்து இயர்போன் எடுத்துக் காட்டினான். "உன் மைக்கு எனக்கு இதுல கேக்கும். நீ மெதுவா சொன்னாப் போதும்."

"மெதுவா."

"ஆமா. கஷ்டமே இல்ல."

கோபால் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "போன வாட்டி முழுக்கக் கேட்டேம்பா. கடை பேரு வரவே இல்லியே."

"சொன்னேன்ணா," என்றாள் சோனியா.

"கேக்கலியேம்மா."

"நான்தான் சொன்னேன்."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு, குனிந்து, வெளியே போனார். இந்த முறை தலையை நீட்டவில்லை.

"திங்கக்கிழமையே தெரியுமா உனக்கு?"

எட்வர்ட் ஒயரைச் சுற்றினான். "சொல்லலாம்னுதான் இருந்தேன். நைட் ஷிப்டு. உன்னப் பாக்கவே முடில."

"போனு இருந்துச்சு."

"போன்ல எப்படிச் சொல்றது? ஒரு படம் ஓடட்டும், அப்பறம் நானே பேசி உன்ன உள்ள கொண்டாந்துடலாம்னு நெனச்சேன்."

"நான் வெளியவா இருந்தேன்?"

அவன் சுற்றிய ஒயரைப் பிரித்து மறுபடி சுற்றினான்.

"கோவப்படாத சோனியா. அடுத்த வாட்டிலருந்து பேரு போடறாங்களாம். 'எழுத்து: சோனியா'ன்னு வரும்."

"நான் எங்க எழுதனேன்? பேசனேன்."

"எனக்கு மட்டும் ஆசையா? ஃபோர்க்லிஃப்ட்டு சீட்ல உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. இது ஒண்ணுதான் வந்துச்சு. ரெண்டு பேரும் வாணாம்னு சொல்லி அனுப்பிட்டா இன்னா பண்றது?" அவன் குரல் இறங்கியது. "நீ சொல்லாம எனக்கு ஒண்ணுமே வராது. அது உனக்கே தெரியும்."

"மேடத்துக்குத் தெரியுமா?"

அவன் இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டான். லேப்டாப்பைப் பார்த்தான்.

"நேரமாவுது," என்றான். "போடட்டுமா?"

"போடு."

அவள் ஃபேனை நிறுத்தினாள். மெத்தையின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். புது ரெக்சின் வாசனை முகத்தில் அடித்தது. மைக்கைத் திருகினாள். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது.

இதுவும் போலீஸ் படம்தான். இதிலும் அதே ஹீரோ. மீசை மட்டும் மாறியிருந்தது. சென்சார் சர்டிபிகேட் வந்தது. போனது. சோனியாவின் கைகள் மடியில் இருந்தன. ஒரு கணம் கழித்து மெத்தைக்கு அந்தப் பக்கம் யாரோ கை தட்டியது லேசாகக் கேட்டது.

ஹீரோ ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார். கீழே அடியாட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். கயிறு மெதுவாக இறங்கியது. அவர்கள் காத்திருந்தார்கள். ஒருவன் கடிகாரத்தைக்கூடப் பார்த்தான்.

அவளுக்கு வந்துவிட்டது. நாக்கின் நுனியில் இருந்தது. பஸ் முழுக்கச் சிரிக்கும்.

வாயை மூடிக்கொண்டாள்.

ஹீரோ தரையில் கால் வைத்தார். முதல் ஆள் ஓடி வந்து விழுந்தான். இரண்டாவது ஆள் ஓடி வந்து விழுந்தான். மெத்தையின் அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. தொண்டையைச் செருமும் சத்தம். பத்து இஞ்சைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து வருவதுபோல், அவன் குரல் வந்தது.

"சொல்லு சோனியா. படம் ஓடிக்கினு கீது."