காந்தக் குண்டுப் பாடம்

டப்பாவில் பத்துக் குண்டுகள் இருக்க வேண்டும். எட்டுதான் இருந்தன.

அம்மா இன்னொரு தரம் எண்ணினாள். எப்படி மாற்றி மாற்றி எண்ணினாலும் எட்டு எட்டுதான் என்று போன வாரம்தான் பட்டன்களைப் பரப்பி வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறவள் அவள். அதுவும் எல்லாம் கையால் செய்து பார்த்துத்தான். முதலில் ஒரு கேள்வி, பிறகு சோதனை, பிறகு நோட்டில் விடை. இன்றைக்குக் காந்தப் பாடம். மிளகு அளவில் பளபளவென்று பத்துக் காந்தக் குண்டுகள். காகிதத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிளிப்பை இழுக்குமா? இழுத்தது. துணி வழியாக? இழுத்தது. கைக்கு அடியில் குண்டை வைத்ததும் கைமேல் கிடந்த கிளிப் நிமிர்ந்து நின்றது. ஏழு வயதுப் பெரியவள் வாயைப் பிளந்தாள். கடைசியில் ஒரு தையல் ஊசியைக் காந்தத்தில் தேய்த்து, கார்க் துண்டில் படுக்க வைத்து, கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் திசைகாட்டியும் செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் போன் செய்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். வீட்டுப் பாடம் என்றாலே அவளுக்கு எரியும்.

"இன்னும் எத்தனை நாளைக்கு அண்ணி இந்தக் கூத்து?"

"என் கண்ணு முன்னாடியே இருக்காங்க. அது ஒண்ணு போதாதா?"

பக்கத்து அறையில் நின்று கால் மணி நேரம் இப்படி வாய் வலிக்க வாதாடிவிட்டு வந்தாள். கண் முன்னால்தான் இருந்தார்கள், நடுவில் ஒரு சுவர் இருந்தது, அவ்வளவுதான்.

"மீதி ரெண்டு எங்க? யார் எடுத்தது?"

அவள் போட்ட சத்தத்தில் பெரியவள் நோட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டாள். சின்னவன் சிரித்தான்.

டப்பா மூடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை வாங்கிய அன்றே அவள் படித்திருந்தாள். இரண்டு குண்டுகள் வயிற்றுக்குள் போனால், குடலின் இரண்டு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவில் மாட்டும் குடல் ஓட்டையாகிவிடும். நான் பக்கத்திலேயே இருக்கிறேனே என்று அன்றைக்கு அலட்சியமாக மூடினாள்.

சோபாவை நகர்த்தினாள். பாயை உதறினாள். முழங்காலில் தவழ்ந்து மூலை மூலையாகத் துழாவினாள். இரண்டு கிளிப்பும் ஒரு பழைய பென்சிலும்தான் கிடைத்தன.

"கண்ணா, குண்டைக் கீழ போட்டியா?"

"ஆமா."

"வாயில போட்டியா?"

"ஆமா."

"ஜன்னல் வழியா எறிஞ்சியா?"

"ஆமா!"

மூன்றரை வயது. எதைக் கேட்டாலும் ஆமாதான் சொல்லுவான். வீட்டில் அவனுக்கு ஆமாஞ்சாமி என்றே பேர். இத்தனை நாளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த அம்மாவுக்கு இப்போது அவனை உலுக்க வேண்டும் போலிருந்தது.

அப்போதுதான் திசைகாட்டி கண்ணில் பட்டது.

மிச்சமிருந்த எட்டுக் குண்டுகளையும் கொண்டுபோய் வீட்டின் கடைசி அறையில் வைத்தாள். கிண்ணத்தைத் தூக்கினால் ஊசி தானாக ஆடும், ஆள்தான் கிட்டே போக வேண்டும். முதலில் அவளே மேசையோடு ஒட்டி நின்று பார்த்தாள். ஊசி அசையவில்லை. சின்னவனின் சட்டை, டவுசர் எல்லாவற்றையும் கழற்றி, நாற்காலியில் ஏற்றி, வெறும் வயிற்றைக் கிண்ணத்தின் பக்கமாக மெல்லச் சாய்த்தாள்.

ஊசி திரும்பியது. அவனுடைய தொப்புளைப் பார்த்து நின்றது.

பையனைத் துண்டில் சுற்றி இடுப்பில் வைத்து, பெரியவளை இழுத்துக்கொண்டு டாக்சி பிடித்தாள். வழி நெடுக அவன் முகத்தையே பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டால்கூட உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் நேராகவும் பக்கவாட்டிலும் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஒண்ணுதான் இருக்கும்மா. ரெண்டும் உள்ள போயிருந்தா இந்நேரம் ஆபரேஷன் பத்திப் பேசிக்கிட்டிருப்போம். ஒண்ணுன்னா பெரும்பாலும் தானாவே வெளிய வந்துடும்," என்றாள் டாக்டர். "இன்னொண்ணு வீட்டுல எங்கயாவது உருண்டு கிடக்கும்."

அம்மா பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். அவள் அழுகிறதைப் பார்த்த பிறகுதான் பெரியவள் கிட்டே வந்து, இத்தனை நேரமும் கையைவிட்டு இறக்காத நோட்டை நீட்டினாள்.

காகிதம் - இழுக்கும்.
துணி - இழுக்கும்.
கை - இழுக்கும்.
தம்பி வயிறு - இழுக்கும்.
என் வயிறு - இழுக்கும்.

கேள்வி, சோதனை, விடை. அவள் சொல்லிக் கொடுத்தபடியே அச்சு அசலாகச் செய்திருந்தாள் பெண்.

"நீ ஏன்டி முழுங்கின?"

"ரெண்டையும் அவனே கேட்டான்மா. நீதானே எதுவா இருந்தாலும் ஆளுக்குச் சமமாப் பங்கு போடணும்னு சொல்லியிருக்க?"

டாக்டர் நோட்டை வாங்கிப் படித்தாள். பிறகு பெரியவளுக்கும் படம் எடுக்கச் சொன்னாள். அதிலும் ஒரே ஒரு புள்ளி.

நாளைக் காலையில் திரும்ப வர வேண்டும். அதற்குள் யாருக்காவது வயிறு வலித்தால், வாந்தி வந்தால், உடனே ஓடி வர வேண்டும். அம்மா கடைசியாக ஒன்று கேட்டாள்: ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காரலாமா? டாக்டர் சிரித்துவிட்டாள். "தாராளமா உக்காரலாம்மா. அவ்வளவு தூரத்துக்கு அந்தப் பொடிக் குண்டுக்குப் பலம் கிடையாது."

டாக்சியில் சின்னவன் வழக்கம்போல அக்கா மடியில் ஏறப் போனான். அம்மா அவனைத் தூக்கி இந்த ஓரமாக உட்கார வைத்து, நடுவில் தான் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு கையையும் இரண்டு வயிற்றின்மேலும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

கை எதையும் தடுக்காது என்று காலையில் அவளேதான் செய்து காட்டியிருந்தாள். இருந்தாலும் வீடு வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.