காற்றுப் பக்கம்

எலாதியோவின் வலது மணிக்கட்டில் பதினோரு தழும்புகள் இருந்தன. பதினொன்றும் அவனுடைய கூடப்பிறந்த அண்ணன் ஒனோஃப்ரே குதிரைச் சவுக்கால் போட்டவை. முதல் அடி செப்டம்பரில், பனி முழுதாக உருகாத புல்வெளியில் விழுந்தது. கடைசி அடி முந்தாநாள் விழுந்தது. அது இன்னும் கசிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அன்று காலை அவன் ஆற்றங்கரைக்கு வந்தான்.

சனியன் பிடித்த காற்று விடிந்ததிலிருந்து பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவான தியர்ரா தெல் ஃபுவேகோவில் மரங்கள்கூடக் கூன் விழுந்துதான் வளரும். காற்று அடிக்கிற அடி அப்படி. வடகரையில் நின்று ஆற்றைப் பார்த்தால் மேற்குக் காற்று வலது காதில் அறையும். மனிதன் என்றும் பார்க்காது, மாடு என்றும் பார்க்காது.

ஒனோஃப்ரே ஏற்கெனவே முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். பெரிய கறுப்புக் கண்ணாடி, வாயில் அணைந்துபோன சிகரெட், இடுப்பில் அந்தச் சவுக்கு. கரையில் மீன்பிடி விடுதியின் முதலாளியம்மா தோன்யா சுனில்தா சூடான மாத்தே பானக் குடுவையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கரையில் ஒரு இரும்புக் கம்பியை நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.

"உன் தம்பிக்கு மூணு வீச்சு," என்றாள் சுனில்தா. "ஒண்ணாவது அந்தக் கம்பிக்கு ஒரு கை தூரத்துல விழணும். விழுந்தா ரெண்டு பேருக்கும் வேலை. விழலேன்னா ஒனோஃப்ரே, உனக்கு நாய்க்கொட்டிலைக் கழுவுற வேலைதான், சாவி என் பையிலதான் இருக்கு."

அவள் கெட்டவள் இல்லை. ஆனால் விடுதிக்கு வருகிறவர்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற வழிகாட்டி ஒனோஃப்ரேக்கு ஒரு கண்தான், ஒற்றைக் கண்ணனுக்குத் தூரம் தெரியாது. போன வருடம் ஒனோஃப்ரே ஒரு வெளியூர்க்காரனை "பத்தடிதான், இறங்குங்க" என்று சொல்லிக் கழுத்தளவுத் தண்ணீரில் இறக்கிவிட்டான். வந்தவனுக்கு வீசிக் காட்டவும், ஆழம் பார்க்கவும் இரண்டு கண் உள்ள ஒருவன் கூட நிற்க வேண்டும் என்று அவள் சொன்னது நியாயம்தான். மற்ற வழிகாட்டிகளெல்லாம் வேறு விடுதிகளுக்குப் போய்விட்டார்கள். இருபது வருடம் அந்த ஆற்றின் ஒவ்வொரு மடுவையும் காலாலேயே அறிந்தவனுக்குத் துணையாக வர இந்தத் தீவில் ஒரே ஒருவன்தான் மிச்சம் இருந்தான். அந்தக் கண்ணைப் பிடுங்கினவன்.

ஆமாம், எலாதியோதான். மூன்று வருடத்துக்கு முன் இதே கரையில் நடந்தது அது.

எலாதியோவுக்கு ரியோ கிராந்தே ஊரின் ஆட்டுத்தொட்டியில் வேலை. உரித்த ஆட்டை ஒற்றைக் கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவான். எதையும் பலத்தால் அடக்கிவிடலாம் என்று நம்புகிற ஜாதி. இந்தத் தூண்டிலில் அந்தப் பாச்சா பலிக்காது. முள்ளில் கட்டியிருப்பது நாலு இறகும் கொஞ்சம் ரோமமும். அதற்கு எடையே கிடையாது. கயிற்றின் எடையைத்தான் வீச வேண்டும். கோலைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்த வேண்டும். கயிறு பின்னால் நீண்டு நேராகும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்னால் கொண்டுவந்து மறுபடி நிறுத்த வேண்டும். நிறுத்தத் தெரியாதவனுக்கு வீசத் தெரியாது.

வலப்பக்கம் காற்று அடித்தால் ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கரையைப் பார்த்து வீசி, பின்வீச்சைத்தான் ஆற்றில் விழவிட வேண்டும். அப்போது கயிற்றைக் காற்று ஆளை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் வழிகாட்டி எப்போதும் காற்றுப் பக்கம், அதாவது காற்று வருகிற பக்கம், நிற்பான். அதுதான் அவன் இடம். ஆனால் இந்தத் தீவின் ஆண்களுக்கு ஒரு வீறாப்பு உண்டு பாருங்கள், ஆற்றுக்கு முதுகு காட்டினால் மீசை கொட்டிவிடும் என்று.

அன்று ஒனோஃப்ரே காற்றுப் பக்கம் நின்றுகொண்டு, "திரும்பி நின்னு வீசுடா," என்று சொன்னான்.

"முதுகைக் காட்டுறதுக்கு நான் என்ன பயந்தாங்கொள்ளியா? பாரு, காத்தைக் கிழிச்சுட்டுப் போகுது!" என்று எலாதியோ நேராகவே வீசினான். முள்ளின் உட்பக்கம் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் நறுக்கைக் குறட்டால் நசுக்கவும் இல்லை. நசுக்கினால் மீன் நழுவிவிடுமாம். பின்வீச்சில் மணிக்கட்டு மடங்கியது, கயிறு தாழ்ந்தது. கோல் எங்கோ சிக்கியதுபோல் நின்றது. புல்லில் மாட்டிக்கொண்டது என்று நினைத்தான். ஆட்டுத்தொட்டிக் கை அல்லவா? முழுப் பலத்தையும் போட்டு ஒரு இழுப்பு இழுத்தான்.

அலறல் அதன் பிறகுதான் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது ஒனோஃப்ரே மண்டியிட்டிருந்தான். விரல்களுக்கு நடுவே இரத்தம் கொட்டி ஆற்றுத் தண்ணீர் சிவந்து போய்க்கொண்டிருந்தது. முள் முனையில் இருந்ததை எலாதியோ பார்த்தான். அதை அவன் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்றையிலிருந்து அவன் அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் இல்லை. ஒனோஃப்ரே ஒரு வார்த்தை திட்டவில்லை, கை ஓங்கவில்லை. அந்த மௌனம்தான் எலாதியோவைத் தின்றது.

போன செப்டம்பரில் ஒனோஃப்ரே ஆட்டுத்தொட்டி வாசலுக்கு வந்து நின்றான். "வர்றியா?" என்று மட்டும் கேட்டான். எலாதியோ இரத்தக் கையோடு தலையாட்டினான். பிறகு நாலு மாதமும் சவுக்குத்தான்.

"மணிக்கட்டை மடக்காதே! கட்டை மாதிரி வை! நிறுத்து. நிறுத்துடா ஆட்டு மண்டையா!"

சுளீர்.

"அண்ணே, மடக்கலைண்ணே!"

"பின்ன ஏன்டா கயிறு தரையைக் கூட்டுது? உன் ஆத்தா வீட்டு வாசலா?"

"எனக்கும் உனக்கும் ஒரே ஆத்தாதான்."

சுளீர்.

இப்போது சுனில்தா கையசைத்தாள். எலாதியோ தண்ணீரில் இறங்கினான். முள்ளின் நறுக்கை இரண்டு தடவை நசுக்கிச் சட்டையில் இழுத்துப் பார்த்துக்கொண்டான். ஆற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். இடப்பக்கம், இரண்டு அடி முன்னால், காற்றுப் பக்கத்தில் அண்ணன். எலாதியோ வழக்கம்போல் அவனுடைய இடுப்புச் சவுக்கைப் பார்த்துக்கொண்டு வீசினான்.

காற்று கயிற்றைப் பிடுங்கியது. பின்வீச்சு தாழ்ந்துபோய் ஆற்று நடுவில் தொப்பென்று விழுந்தது.

"ஒண்ணு," என்றாள் சுனில்தா.

"மணிக்கட்டு," என்று ஒனோஃப்ரே உறுமினான்.

எலாதியோ கைக்குட்டையைப் பல்லால் இழுத்து இன்னும் இறுக்கினான். புண் பிய்ந்து இரத்தம் கோலின் பிடியில் வழிந்தது. இரண்டாவது வீச்சில் மனதில் இருந்த கோபத்தையெல்லாம் காட்டினான். கயிறு கரைப்புல்லை அடித்து, திரும்பும் வழியில் ஒனோஃப்ரேயின் தொப்பியைத் தட்டிக்கொண்டு போய், பாதி ஆற்றில் சுருண்டு விழுந்தது. தொப்பி தண்ணீரில் மிதந்து போயிற்று.

எலாதியோ கோலைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டான். "என்னால முடியாதுண்ணே. இன்னொரு கண்ணும் போயிடும். என்னை விட்டுடு."

ஒனோஃப்ரே கோலை எடுத்தான். அதன் அடிக்கட்டையால் தம்பியின் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினான். எலாதியோ தடுமாறி மல்லாந்தான். தண்ணீர் பனிக்கட்டியாய்க் குத்தியது.

"நாய்க்கொட்டில்லடா! இருபது வருஷம் இந்தத் தண்ணியில நின்னவன் நாய்ப்பீ அள்ளணுமா? எந்திரிடா!"

எலாதியோ எழுந்தான். அப்போதும் அவன் கண் சவுக்கின் மேல்தான் இருந்தது. ஒனோஃப்ரே அந்தப் பார்வையைக் கவனித்தான். தன் இடுப்பைக் குனிந்து பார்த்தான், மறுபடி தம்பியைப் பார்த்தான். நாலு மாதம் ஒரு மணிக்கட்டைப் பிய்த்து எடுத்தவனுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கண் எங்கேயோ அங்கேதான் தோள் போகும், தோள் போன இடத்துக்குத்தான் கயிறு போகும். இவன் கீழே பார்த்துக்கொண்டே வீசினால் கயிறு எப்படி மேலே நிற்கும்? இதை முதல் நாளே எந்த வெளியூர்க்காரனுக்கும் சொல்லியிருப்பான். தம்பிக்குச் சொல்லத் தோன்றவில்லை. ஏனென்றால் அவனும் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒனோஃப்ரே சவுக்கை உருவி ஆற்றில் எறிந்தான். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

"ஏய் பைத்தியக்காரா, கண்ணாடியைப் போடு!" என்று சுனில்தா கரையிலிருந்து கத்தினாள்.

"நீங்க சும்மா இருங்க தோன்யா." அவன் காற்றுப் பக்கம் தன் இடத்தில் காலை ஊன்றி நின்றான். "என் மூஞ்சியைப் பாருடா."

எலாதியோ அவன் நெஞ்சைப் பார்த்தான். பிறகு தாடையைப் பார்த்தான்.

"மேல. மேல பாருடா நாயே!"

பார்த்தான். இடது கண் இருந்த இடத்தில் இமைகள் கோணலாகத் தைக்கப்பட்டு, சின்னப் பிள்ளை தைத்த சாக்குப்பையைப் போல் சுருங்கிக் கிடந்தது. வலது கண் சிவந்து காற்றில் நீர் கொட்டியது. இமைக்கவில்லை. எலாதியோ வாய்விட்டு அழுதான். ஆனாலும் பார்வையை எடுக்கவில்லை.

"இப்ப வீசு."

கயிறு எழுந்தது. கரைக்கு மேலே, அண்ணன் தலை உயரத்துக்கும் மேலே நீண்டு போயிற்று. எலாதியோ அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுத்தான். கயிறு நேரானதும் கோலைப் பின்னால் ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தினான். கோல் அதிர்ந்தது. காற்று ஊளையிட்டது, ஆனால் அதன் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"கம்பியிலேயே பட்டுதுடா!" என்று சுனில்தா அலறினாள். "துணி ஆடுது! யப்பா, துணி ஆடுது!"

எலாதியோ காதில் அது விழுந்த மாதிரி தெரியவில்லை. "புல்லுல மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன்," என்றான். மூன்று வருடமாகத் தொண்டையில் நின்றது வெளியே வந்தது. "அதான்ணே இழுத்தேன். சத்தியமா புல்லுன்னுதான் நினைச்சேன். என்னை மன்னிச்சுடு."

ஒனோஃப்ரே அடித்தான். சவுக்கால் இல்லை, கையால், முழுக் கை வீச்சில், முகத்துக்கு நேராக. மூக்கெலும்பு நொறுங்கிய சத்தம் கரைவரை கேட்டது. எலாதியோ தண்ணீரில் விழுந்தான். இரண்டாவது அடியும் விழுந்தது, மூன்றாவதும். சுனில்தா மாத்தே குடுவையைப் போட்டுவிட்டு ஆற்றுக்குள் ஓடிவந்தாள். எலாதியோ கையைத் தூக்கித் தடுக்கவில்லை. இரத்தம் வாய்க்குள் இறங்க இறங்க, அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். ஒனோஃப்ரேயும் இப்போது ஆடு கத்துவதுபோல் சத்தம் போட்டு அழுதுகொண்டிருந்தான்.

நாலாவது அடிக்கு ஓங்கிய கை இறங்கி, தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்துத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்தது.

"எந்திரி," என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. "நாளைக்கு முதல் ஆளு ஏழு மணிக்கு வரான். மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சேரு. காத்துப் பக்கம் நான் நிக்கிறேன்."