முதலாளிக்கு மட்டும் தெரிந்த லாரி

இப்போதெல்லாம் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிற பொறுமை யாருக்கும் கிடையாது. பொருள் எங்கேயோ கிடக்கட்டும், அதன் படம் கண்ணெதிரே இருக்க வேண்டும். படத்தைக் குத்தினால் திறக்க வேண்டும். திறக்காவிட்டால் உடனே பக்கத்தில் நிற்கிறவன் சட்டையைப் பிடிப்பார்கள். என் மகள் இந்தக் கூட்டத்துக்குப் படம் செய்து கொடுக்கிறவள்.

எடைமேடை தெரியும்தானே? சரக்கு லாரியை அப்படியே மேலே ஏற்றி நிறுத்தி எடை போடுகிற இரும்புத் தளம். பக்கத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, அதற்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஆபரேட்டர். உடம்பு ஓடினவரை லாரி ஓட்டினவன் நான். எந்த எடைமேடை ஆபரேட்டரையும் நம்ப மாட்டேன். மேடையில் ஒரு எடை, சீட்டில் ஒரு எடை. கேட்டால் "காத்துல ஆடுதுண்ணே" என்பான். நிறை லோடு லாரி காற்றில் ஆடுமாம்!

மகள் எழுதியிருந்த புரோகிராம் அந்த வித்தைக்கெல்லாம் முடிவு கட்டும் என்றாள். மேடை காட்டுகிற எடை நேராகச் சீட்டில் ஏறிவிடும், நடுவில் எவன் கையும் படாது. இருந்த வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எழுதியது. முதன்முதலில் அதை வாங்க ஒத்துக்கொண்டவர் இந்த மேடையின் முதலாளி. மதியத்துக்குள் ஓட்டிக் காட்டினால் அவருடைய மற்ற மேடைகளுக்கும் அதுவே. ஓடாவிட்டால் வந்த வழியே போகலாம். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். நான்தான் வேனில் கொண்டுபோய் விட்டேன். பிறத்தியான் இடத்தில் பெண்ணைத் தனியாக விட்டுவருகிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் நானும் நின்றுவிட்டேன்.

முதலாளி தன் பெயரில் உள்ளே நுழைந்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது இன்னொரு கையால் மறைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. மகள் பென்டிரைவைச் செருகி, புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற இன்ஸ்டாலரை ஓட்டினாள். பச்சைக் கோடு ஓடி முடிந்ததும் திரையில் குட்டி லாரிப் படம் ஒன்று முளைத்தது. முதலாளி அதைக் குத்தினார். புரோகிராம் திறந்தது.

"பரவால்லம்மா, ஒரே குத்துல தெறக்குது!" என்றவர், கம்ப்யூட்டரில் தன் கணக்கை மூடிவிட்டு எங்களை மேடையைக் காட்ட வெளியே கூட்டிப்போனார். அதற்குள் வாசலில் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. ஒருவன் ஹாரன் அடித்தால் போதுமே, பின்னால் இருக்கிறவனெல்லாம் கச்சேரி ஆரம்பித்துவிட்டான்.

ஆபரேட்டர் தன் பெயரில் நுழைந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவானாம். டிரைவர்கள் அவனை 'முழுக்கை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான்.

"முதலாளி! லாரியக் காணோம்!"

"வெளிய இவ்ளோ நிக்குது, காணோங்கற?"

"இந்த லாரி இல்லீங்க. உள்ள இருந்த லாரி!"

ஓடிப்போய்ப் பார்த்தோம். படம் இருந்த இடம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"இப்பதான்டா என் கண்ணால பாத்தேன். எங்க போச்சு?"

"நான் தொடவே இல்லீங்க. நுழைஞ்சேன், இல்ல."

"தொடாம றெக்க மொளச்சுப் பறந்துச்சா? இது வந்தா உன் கைவரிசை நின்னுடும்னு அழிச்சுட்ட. அதான?"

"அதேதான் முதலாளி," என்றேன் நான். "இவங்க சங்கதியெல்லாம் எனக்கு அத்துப்படி."

"அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் மகள்.

"சாவிய மேசைல வச்சிட்டுக் கெளம்பு," என்று முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார். அவன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்துக் கையில் எடுத்தான்.

மகள் நாற்காலியில் உட்கார்ந்து எதை எதையோ திறந்தாள். திடீரென்று "ஐயையோ" என்றாள், மூச்சுக்குள்ளேயே. அவள் 'ஐயையோ' எனக்குத் தெரியும். அது அடுத்தவன் தப்புக்கு வருகிற 'ஐயையோ' இல்லை. என்னை வாசல் பக்கம் இழுத்துப்போனாள்.

"அப்பா, தப்பு என்னுது. இன்ஸ்டாலர் செய்யறப்ப, ஷார்ட்கட், அதான் அந்தப் படம், யாருக்குன்னு ஒரு கேள்வி வரும். போடறவருக்கு மட்டுமா, இந்தக் கம்ப்யூட்டர்ல நுழையற எல்லாருக்குமான்னு. நான் அத மாத்தாமயே விட்டுட்டேன். முதலாளி பேர்ல நுழைஞ்சு போட்டோம், படம் அவருக்கு மட்டும் வந்திருக்கு. புரோகிராம் பத்திரமா உள்ளதான் இருக்கு. இவருக்கு வழிதான் இல்ல."

"கவனிக்காம என்ன பண்ணிட்டிருந்த?"

"நீங்கதான நேத்தெல்லாம் பக்கத்துல உக்காந்து, லாரிக்கு டயர் பத்தல, தார்ப்பாய் இல்லன்னு படத்த மாத்த வச்சீங்க!"

டயர் பத்தாத லாரியை எவன் நம்புவான்? அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று குரலைத் தாழ்த்தினேன். "சத்தம் போடாத. திருத்தினதக் கமுக்கமா போட்டுடு. அவன் அழிச்சான்னே இருந்துட்டுப் போகட்டும்."

"அவர் வேல போயிடும்ப்பா."

"உன் வேல?"

விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"சார், அவர் அழிக்கல. தப்பு என்னோடது. படத்த உங்களுக்கு மட்டும் தெரியற மாதிரி வச்சுட்டேன்."

முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப உன் புரோகிராமே கோளாறா?"

"புரோகிராம் நல்லாருக்கு. அதுக்கு வழி வச்சதுலதான் கோளாறு. மொத லாரிய மேடைல ஏத்தச் சொல்லுங்க. அது ஏறி நிக்கறதுக்குள்ள சரி பண்ணிடறேன்."

"இல்லன்னா?"

"இல்லன்னா நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

லாரி மேடையில் ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! கண்மூடித் திறப்பதற்குள் ஏறிவிடுவான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். முதல் லாரிக்கு முன்னால் கையை விரித்து நின்றேன்.

"ரைட்ல ஒடி. இன்னும். ஆங், நிறுத்து. பின்னாடி எடு."

டிரைவர் தலையை நீட்டினான். "யோவ் பெருசு, இது மேடையா மெத்தையா? இப்படிப் பாத்துப் பாத்துப் படுக்க வைக்கற?"

"டயர் வெளிய நிக்குதுப்பா."

"எந்த டயரு?"

"எல்லா டயரும்தான். எடு பின்னாடி!"

பின்னால் இருந்தவர்கள் இறங்கியே வந்துவிட்டார்கள். ஒருவன் என்னைப் பைத்தியம் என்றான். இன்னொருவன், "விடுறா, முழுக்கையோட மாமனாரா இருக்கும்," என்றான். வாழ்க்கையில் அப்படி ஒரு வசவு நான் வாங்கினதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "லெஃப்ட்ல ஒடி" என்றேன்.

கை லாரிக்குச் சைகை காட்டியதே தவிர, கண் ஜன்னலை விட்டு நகரவில்லை. மகள் மடியில் லேப்டாப். விரல்கள் பறந்தன. எல்லாருக்கும் என்று மாற்றி, இன்ஸ்டாலரை முதலிலிருந்து கட்ட விட்டாள். கோடு ஊர்ந்தது. பாதியில் நின்றது. மறுபடி ஓடியது! பென்டிரைவை உருவினாள், அந்தக் கம்ப்யூட்டரில் செருகினாள். முதலாளி குனிந்து பாஸ்வேர்டு அடித்தார். மறுபடி பச்சைக் கோடு. அதற்கு மேல் டிரைவர் எனக்குக் கட்டுப்படவில்லை. வண்டியை உறுமவிட்டு ஒரே ஏறாக ஏறி மேடை நடுவில் நிறுத்திவிட்டான். முழுக்கை தன் பெயரில் நுழைந்து கொண்டிருந்தான்.

"வந்துடுச்சு!" அவன் போட்ட கூச்சல் ஹாரனையெல்லாம் அமுக்கிவிட்டது. "மேடம், லாரி வந்துடுச்சு! எனக்கும் வந்துடுச்சு!"

குத்தினான். திறந்தது. எண்கள் கிடுகிடுவென்று ஏறி, ஒரு இடத்தில் அசையாமல் நின்றன. அடுத்த நொடி சீட்டு வெளியே வந்து விழுந்தது. நான் அறைக்குள் எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியாது. "அடி என் ராசாத்தி!" என்று கத்தியிருக்கிறேன். டிரைவர் சொல்லித்தான் தெரியும்.

முதலாளி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மத்த மேடைக்கும் போட்டுடும்மா. ஆனா ஒண்ணு. அங்கெல்லாம் ஒவ்வொருத்தன் பேர்லயும் நுழைஞ்சு பாத்துட்டுதான் என்னக் கூப்பிடணும்."

"கண்டிப்பா சார்," என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் முகமெல்லாம் பல்லாக நின்றாள்.

முழுக்கை சாவிக்கொத்தை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டு என்னிடம் வந்தான். "ஐயா, நீங்களும் என்னையே சொல்லிட்டீங்களே."

"இன்னிக்கு நீ அழிக்கல. அவ்வளவுதான் தெரிஞ்சுது," என்றேன்.

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்களும் ஒரு தடவ குத்திப் பாருங்க, வாங்க."

"இரு. படத்த அழிச்சா புரோகிராம் போயிடுமா?"

"போகாது."

"புரோகிராம அழிச்சா?"

"வெறுமனே அழிச்சா படம் நிக்கும். குத்துனா தெறக்காது."

"அப்ப படம் இருந்தா உள்ள சரக்கு இருக்குன்னும் இல்ல, இல்லாட்டி இல்லன்னும் இல்ல. இத நம்பி ஒரு கூட்டம் குத்திக்கிட்டுக் கெடக்கு."

"புரோகிராம எடுக்கறப்ப ரெண்டையும் சேத்தே எடுக்கற மாதிரி வச்சிருக்கேன்ப்பா."

"நீ சொல்ற," என்றேன். அவள் இன்னும் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, வரிசையில் நின்ற லாரிகளின் ஓரமாக வேனைப் பார்த்து நடந்தேன்.