ஏக்லியின் சன்னங்கள்

சுவிஸ் நாட்டின் வில் நகரில் ஸ்ரீஸ்கந்தராஜா குடியிருந்த மேல்மாடி அறைக்குச் சனிக்கிழமைகளில் எட்டுகிற ஒரே சத்தம், வீட்டுக்காரர் ஏக்லி கீழே கராஜ் கதவைத் திறப்பதுதான். தொழிற்சாலையில் கிழமை முழுக்கப் பெட்டி அடுக்குகிற அவனோடு ஒருவரும் கதைப்பதில்லை. மனைவியை இழந்த ஏக்லியைத் தேடியும் ஒருவரும் வருவதில்லை.

ஏக்லி பழங்காலத் துப்பாக்கிப் போட்டிகளுக்குப் போகிறவர்; அவற்றுக்கான குண்டுகளை, சன்னங்களை, ஈயம் உருக்கித் தானே வார்ப்பார். ஒருநாள் அவருடைய கை தவறி வார்ப்பு அச்சு கீழே விழ, அந்த வழியால் போன ஸ்ரீ எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்து சனிக்கிழமைகளில் அங்கேதான் நின்றான். வெறும் ஈயம் மென்மை, துப்பாக்கிக் குழலில் ஒட்டிக்கொள்ளும். அச்சகம் கழித்த பழைய அச்செழுத்துகளின் ஈயத்தைச் சேர்த்தால் இறுகும்; கூடினால் குழலுக்குப் பொருந்தாது. ஆறிய சன்னத்தை வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களால் கீறி, எந்தப் பென்சில் கீறுகிறதென்று பார்த்து, இறுக்கத்தை அறிந்து மறுபடி கலப்பார்கள்.

ஃப்ரிபூர்க் நகரிலிருந்த ஊர்க்காரன் பாலசிங்கம் தொலைபேசியில் கத்தினான்.

"சன்னம் வாக்கிறியோ? உனக்கென்ன விசரோ?"

"துணைக்கு ஓராள் இருக்குது அண்ணை."

"டொச் பாஷை தெரியாமல் என்னத்தைக் கதைக்கிறாய்?"

"கதைக்கிறேல்லை. பக்கத்திலை நிக்கிறன்."

அடுத்த சனி, போட்டியில் சுட்டபின் இலக்குக்குப் பின்னாலிருந்த மண்மேட்டில் பொறுக்கிய சன்னமொன்றை ஏக்லி அவன் கையில் வைத்தார். மென்மையான கலவை; நசுங்கிப் பூப்போல விரிந்திருந்தது. யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில், சூடுபட்டுச் செத்த தம்பி தயாநிதியின் உடம்பிலிருந்து எடுத்த சன்னமும் இப்படித்தான் நசுங்கிக் கிடந்தது. ஸ்ரீ அதை மேசையில் வைத்துவிட்டு மேலே போய்விட்டான்.

இரண்டு சனி அவன் இறங்கவில்லை. பிறகு ஏக்லி படியேறி வந்து, ஏதும் பிழை செய்தேனா என்று கேட்டார். ஸ்ரீ தெரிந்த கொஞ்ச டொச்சில், அந்த ஜெர்மன் மொழியில், "என் தம்பி. சன்னம்," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். கிழவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு கராஜ் திறக்கவில்லை. அந்த அமைதி ஸ்ரீயால் தாங்க முடியாததாக இருந்தது. ஒரு சனி காலை இறங்கிப் போய் அவருடைய கதவைத் தட்டி, தெரிந்த டொச்சில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான்.

"நீங்கள் வாருங்கள். நான் கீறிப் பார்க்கிறேன். சுடுகிற இடத்துக்கு வரமாட்டேன்."

ஏக்லி அவனுடைய தோளைத் தொட்டுவிட்டு ஈயம் உருக்கும் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். மத்தியானம் வரை இருவரும் வேலை செய்தார்கள்.

ஞாயிறு அவர் தனியே போட்டிக்குப் போனார். ஸ்ரீ அறையில் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டான்.